மின்சாரம் விற்பது முனிசிபாலிட்டி: தென்னாப்பிரிக்கச் சிற்றூருக்குக் குடிவந்தவர்களுக்கு

தமிழ்நாட்டில் மின்சாரம் என்றால் மின்வாரியம். குப்பை, தெருவிளக்கு என்றால் நகராட்சி. தென்னாப்பிரிக்காவில் இந்தக் கணக்கு மாறும். எஸ்காம் என்ற அரசு நிறுவனம் மின்சாரத்தை உற்பத்தி செய்கிறது, அதில் பெரும்பகுதி நிலக்கரியை எரித்து. நகரங்களில் பெரும்பாலும் அதை மொத்தமாக வாங்கி வீட்டுக்கு வீடு விற்பது முனிசிபாலிட்டி. மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுங்கள் என்று நோட்டீஸ் அடிப்பதும் அதே முனிசிபாலிட்டிதான். மளிகைக்கடைக்காரரே வாசலில் நின்று ‘கொஞ்சமாக வாங்குங்கள்’ என்று சொல்வதைப்போல இருக்கும்.

இந்த முரண்பாட்டைப் புரிந்துகொண்டால் ஊரில் நடக்கும் பாதி விஷயம் விளங்கிவிடும். முனிசிபாலிட்டி எஸ்காமிடம் வாங்கும் விலை நேரத்துக்கு நேரம் மாறும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான குளிர்கால மாலைகளில் அது நள்ளிரவு விலையைவிடப் பல மடங்கு. உங்களுக்கு விற்கும் விலையோ பெரும்பாலும் நாள் முழுக்க ஒன்றே. அதாவது ஜூலை மாதத்து மாலை ஆறு மணிக்கு நீங்கள் செலவழிக்கும் யூனிட்டில் ஊருக்கு நஷ்டம். மதியம் இரண்டு மணி யூனிட்டில் லாபம். ஆகவே எவ்வளவு செலவழிக்கிறோம் என்பதோடு எப்போது செலவழிக்கிறோம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கீழே சொல்லும் வேலைகளில் பலவும் இந்த ‘எப்போது’ பற்றியவை.

டர்பன், ஜோஹன்னஸ்பர்க் போன்ற பெருநகரங்களை விட்டு க்வாடுகூசா, பீட்டர்மாரிட்ஸ்பர்க், லேடிஸ்மித் மாதிரி ஊர்களில் வேலை கிடைத்து வருகிற குடும்பங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் க்வாடுகூசா பக்கத்தவை. டர்பனுக்கு வடக்கே ஏறத்தாழ 70 கி.மீ., சுற்றிலும் கரும்பு; கோயிலில் பெரியவர்கள் இன்னும் ஸ்டேங்கர் என்ற பழைய பெயரைத்தான் சொல்வார்கள்.

உங்களுக்கு விற்பவர் யார்?

ஒரே ஊருக்குள்ளேயே சில பகுதிகளுக்கு முனிசிபாலிட்டியும் சில பகுதிகளுக்கு எஸ்காமே நேரடியாகவும் மின்சாரம் தருவது உண்டு. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்முன் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், அல்லது பழைய பில்லை வாங்கிப் பாருங்கள். எஸ்காம் நேரடி வாடிக்கையாளருக்கு விலை ஏப்ரல் 1 அன்று மாறும். முனிசிபாலிட்டி வாடிக்கையாளருக்கு ஜூலை 1 அன்று. கரண்ட் போனால் எந்த எண்ணுக்குப் போன் செய்வது என்பதும் இதைப் பொறுத்தே.

தண்ணீருக்கு வேறு அலுவலகம் இருக்கலாம். க்வாடுகூசாவில் தண்ணீர் இலெம்பே மாவட்ட முனிசிபாலிட்டியின் பொறுப்பு. பக்கத்திலுள்ள பலிட்டோவில் சீசா வாட்டர் என்ற கம்பெனி 1999 முதல் ஒப்பந்தத்தில் நடத்துகிறது. குழாய் உடைந்தது என்று மின்சார கவுன்டரில் போய் நின்றால் அரை நாள் போய்விடும்.

மீட்டரும் டோக்கனும்

வாடகை வீடுகளில் ப்ரீபெய்டு மீட்டர் சாதாரணம். சூப்பர் மார்க்கெட்டிலோ பேங்க் ஆப்பிலோ பணம் கட்டினால் 20 இலக்க டோக்கன் எண் வரும். அதை மீட்டரில் தட்ட வேண்டும். சாவி வாங்கும் அன்றே மூன்று காரியம் செய்யுங்கள். மீட்டர் எண்ணைப் போட்டோ எடுங்கள். சிறு தொகைக்கு ஒரு டோக்கன் வாங்கி, ஏறுகிறதா என்று பாருங்கள். மீட்டரைச் சுற்றி ஒட்டுப்போட்ட வயரோ உடைந்த சீலோ தெரிந்தால் வீட்டுக்காரருக்கு எழுத்தில் சொல்லுங்கள். மீட்டரை பைபாஸ் செய்திருந்தால் அபராதம் கேட்டு வரும்போது வீட்டில் இருப்பவர் நீங்கள்தான்.

நெடுநாள் பூட்டிக் கிடந்த வீடு என்றால் இன்னொரு சிக்கல். ப்ரீபெய்டு மீட்டர்களின் உள்கணக்கு 2024 நவம்பர் 24-ஆம் தேதியோடு தீர்ந்தது. அதற்குமுன் இரண்டு சிறப்பு டோக்கன்களைத் தட்டிப் புதுப்பிக்காத மீட்டர் புதிய டோக்கனை ஏற்காது. வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் சாமான் இறக்காதீர்கள்.

பல முனிசிபாலிட்டிகளில் படிநிலைக் கட்டணம் இருக்கிறது. ஒரே மாதத்தில் வாங்கும் யூனிட் கூடக்கூட, யூனிட் விலையும் கூடும். மாதக் கடைசியில் கையில் பணம் இருக்கிறதே என்று அடுத்த மாதத்துக்கும் சேர்த்து வாங்கி வைப்பது இங்கே நஷ்டம். ஒன்றாம் தேதி வரை பொறுங்கள்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் கிடைக்கிற இலவச யூனிட் போல இங்கே கிடையாது. வருமானம் குறைந்த குடும்பம் என்று முனிசிபாலிட்டியில் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் மாதம் 50 யூனிட் இலவசம் என்பது தேசியக் கொள்கை. உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கு அது கிடைக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தகுதி இருந்தும் பதிவு செய்யாதவர்கள் இருக்கிறார்கள்.

பிளக் பற்றி ஒரு வார்த்தை. நம்மூரில் கிரைண்டர், ஏசிக்கு வருகிற பெரிய மூன்று உருண்டைக் கால் பிளக் இங்கே பழைய வீடுகளின் சாக்கெட்டில் நேராகப் பொருந்தும். மிக்ஸி, சார்ஜரின் சிறிய பிளக்குக்கு அடாப்டர் வேண்டும். வோல்டேஜ் நம்மூர் அளவேதான், 230.

கூரைக்குள் இருக்கும் கீசர்

இங்கேதான் பணம் போகிறது. நம்மூரில் கீசர் குளியலறைச் சுவரில் தொங்கும். குளிக்கப் போகும்போது போட்டு, முடிந்ததும் அணைப்போம். இங்கே அது கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே கண்ணில் படாமல் படுத்திருக்கும். கொள்ளளவு பெரும்பாலும் 150 லிட்டர், எலிமென்ட் 3 கிலோவாட். ஸ்விட்ச் டிபி போர்டு என்ற ஃபியூஸ் பெட்டியில் இருக்கும். அதை யாரும் அணைப்பதில்லை. குடும்பம் இரண்டு வாரம் ஊருக்குப் போனாலும் அது தன் பாட்டுக்குச் சுட்டுக்கொண்டே இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 7 யூனிட் வேண்டும். யூனிட் 3 ரேண்ட் என்று வைத்துக்கொண்டால் 21 ரேண்ட். தினமும் ஒரு டேங்க் காலியானால் மாதம் 630 ரேண்ட். போதாததற்குப் பழைய கீசர் யாரும் குழாயைத் திறக்காவிட்டாலும் சும்மா இருந்தபடியே நாளுக்கு 2 யூனிட்டுக்குக் குறையாமல் வெப்பத்தை இழக்கும்.

‘அணைத்து அணைத்துப் போட்டால் இன்னும் அதிகம் இழுக்கும்’ என்று பக்கத்து வீட்டு அங்கிள் கண்டிப்பாகச் சொல்வார். நம்பாதீர்கள். தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக வெப்பம் வெளியேறும். ஆறியிருக்கும் நேரத்தில் இழப்பு குறைவு. ஆனால் அணைப்பதால் மிச்சமாவது அந்த இழப்பில் ஒரு பங்கு மட்டுமே. பெரிய மிச்சம் வெந்நீரைக் குறைவாக எடுப்பதில்தான் இருக்கிறது.

அதற்கு நம்மிடம் பக்கெட் இருக்கிறது. 20 லிட்டர் பக்கெட்டில் பாதி வெந்நீர், பாதி பச்சைத் தண்ணீர் என்றால் செலவு அரை யூனிட்டுக்கும் குறைவு. நிமிடத்துக்கு 12 லிட்டர் கொட்டும் பழைய ஷவரில் எட்டு நிமிடம் நின்றால் இரண்டேகால் யூனிட். ஷவர்தான் வேண்டும் என்பவர்கள் தண்ணீர் குறைவாக விடும் ஷவர் தலை வாங்கி மாட்டுங்கள். விலை அதிகமில்லை, வாடகை வீட்டைவிட்டுப் போகும்போது கழற்றிக்கொண்டும் போகலாம்.

அடுத்து செய்ய வேண்டியவை, செலவு குறைந்ததிலிருந்து: தெர்மோஸ்டாட் 60 டிகிரியில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 70-இல் வைத்துவிட்டுப் போனவர்கள் நிறைய. நீங்களே மூடியைத் திறக்க வேண்டாம். உள்ளே வயர் திறந்தபடி இருக்கும். 60-க்குக் கீழேயும் மிகவும் இறக்காதீர்கள், வெதுவெதுப்பான தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். பிறகு கீசருக்கும் அதிலிருந்து கிளம்பும் முதல் ஒன்றிரண்டு மீட்டர் குழாய்க்கும் போர்வை சுற்றச் சொல்லுங்கள். கீசர் பிளாங்கெட் என்றே ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அதன்பின் டைமர்.

டைமரை விடிகாலை 3 மணிக்குப் போட்டு 5:30-க்கு நிறுத்துங்கள். மதியம் 1 மணிக்கு மறுபடி இரண்டு மணி நேரம். முழு டேங்க் சூடாக இரண்டு மணி இருபது நிமிடம் போதும். மாலை 5 முதல் 8 வரை கீசர் ஓடவே கூடாது. போர்வை சுற்றிய டேங்க் மதியச் சூட்டை இரவுக் குளியல் வரை தாங்கும்.

வெளிச்சுவரில் கூரையிலிருந்து இறங்கும் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தால் கையை வைத்துப் பாருங்கள். ஓயாமல் சுடுதண்ணீர் சொட்டினால் வால்வு பழுது. உங்கள் யூனிட்தான் புல்லில் ஊற்றுகிறது. அது வீட்டுக்காரர் செலவு, அன்றே மெசேஜ் போடுங்கள்.

சொந்தமாகக் கட்டுபவர்களுக்கு இதெல்லாம் விருப்பம் சார்ந்ததல்ல. 2011 முதல் புது வீட்டு பிளானில் வெந்நீருக்கான ஆற்றலில் குறைந்தது பாதி சாதாரண மின் எலிமென்ட் அல்லாத வழியில் வர வேண்டும் என்பது கட்டட விதி. சோலார் கீசரோ ஹீட் பம்ப்போ கேஸோ காட்டாமல் முனிசிபாலிட்டி பிளானை பாஸ் பண்ணக் கூடாது. ஒரு சின்ன ஊர் மின்சிக்கனத்துக்குச் செய்யும் பெரிய காரியம் இந்த ரப்பர் ஸ்டாம்பில் இருக்கிறது என்பேன். விளம்பரப் பலகைகளைவிட பிளான் செக்‌ஷனில் உட்கார்ந்திருக்கும் ஒரு கறாரான அதிகாரி அதிகம் சாதிப்பார்.

மாலை ஐந்து முதல் எட்டு

லோட் ஷெடிங் கதைகளைக் கேட்டுவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். நாட்டில் மொத்த உற்பத்தி போதாதபோது முறை வைத்து ஏரியா ஏரியாவாகக் கரண்டை நிறுத்துவது அது. நிறுத்தும் அளவை ஸ்டேஜ் 1, 2 என்று சொல்வார்கள்; ஸ்டேஜ் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1000 மெகாவாட். 2007-08-இல் ஆரம்பித்தது, 2023 மிக மோசமான ஆண்டு. 2024 மார்ச் கடைசியில் நின்று பத்து மாதம் இல்லாமல் இருந்தது, 2025-இன் முதல் பாதியில் சில நாட்கள் தலைகாட்டியது.

இப்போது சிற்றூர்களில் பெரிய தொல்லை வேறு. குளிர்கால மாலையில் ஒரு தெருவே சேர்ந்து கீசர், ஹீட்டர், அடுப்பு எல்லாவற்றையும் போட்டால் மினி-சப் என்று சொல்லும் தெருமுனைப் பச்சைப் பெட்டி தாங்காது. ஃபியூஸ் போனால் இரண்டு மணி நேரம். டிரான்ஸ்ஃபார்மரே எரிந்தால் நாள்கணக்கு, அதை மாற்றும் பணமும் ஊர்ப் பணம். சுமை மிஞ்சும் பகுதிகளை எஸ்காம் உச்ச நேரத்தில் தானே நிறுத்துவதும் உண்டு. அதற்கு லோட் ரிடக்‌ஷன் என்று பெயர்.

டைமர் வைத்து நேரத்தை மாற்றுவதால் நாள் முழுக்க ஒரே விலைக் கட்டணத்தில் உங்கள் பில் பெரிதாகக் குறையாது. அதை மறைக்க வேண்டியதில்லை. கிடைப்பது தெருவில் கரண்ட் நிற்காமல் இருப்பது. அது ஒருவர் செய்து நடப்பதல்ல, தெருவே செய்தால்தான் நடக்கும். ஆகவே காம்ப்ளெக்ஸில் இருப்பவர்கள் பாடி கார்ப்பரேட் என்ற வீட்டு உரிமையாளர் சங்கக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டைமர் மாட்டினால் செலவும் குறையும்.

டிபி போர்டில் டைமர் மாதிரி தெரியாத ஒரு சின்னப் பெட்டி ஏற்கெனவே இருக்கலாம். பல முனிசிபாலிட்டிகள் ரிப்பிள் ரிலே என்ற கருவியை வைத்து, மின்கம்பி வழியாகவே சிக்னல் அனுப்பி உச்ச நேரத்தில் ஊர் முழுக்க கீசர்களை அணைத்து வைக்கின்றன. வெந்நீர் வரவில்லை என்று யாராவது அதைக் கழற்றிவிட்டுப் போயிருப்பார்கள். இருந்தால் விட்டுவையுங்கள்.

ஹீட்டர் விஷயம்: இங்கே ஆடி மாதம் குளிர்காலம். கடற்கரை ஊர்களில் தாங்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க், லேடிஸ்மித் பக்கம் இரவில் நடுக்கும். 2 கிலோவாட் ஹீட்டர் நான்கு மணி நேரம் ஓடினால் 8 யூனிட், ஒரு டேங்க் வெந்நீரைவிட அதிகம். பல வீடுகளில் சீலிங்குக்கு மேல் இன்சுலேஷனே கிடையாது. வீடு பார்க்கப் போகும்போது அதைக் கேளுங்கள். ஹாலின் ஜன்னல் வடக்கு பார்த்திருக்கிறதா என்றும் பாருங்கள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே குளிர்கால வெயில் வடக்கிலிருந்து வீட்டுக்குள் வரும். தெற்கு பார்த்த வீடாக எடுத்தால் ஜூலையில் வருந்துவீர்கள்.

அடுப்படி

வாடகை வீட்டில் பெரும்பாலும் நான்கு தட்டு மின்சார அடுப்புதான் இருக்கும், ஒவ்வொரு தட்டும் ஒன்றரை, இரண்டு கிலோவாட். ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினிய குக்கர் அதில் வேலை செய்யும், இன்டக்‌ஷனில் செய்யாது. இங்கத்திய தமிழ்க் குடும்பங்களின் சுகர் பீன்ஸ் கறியை வெறும் பாத்திரத்தில் வேகவைத்தால் ஒன்றரை மணி நேரம் அடுப்பு எரியும். ஊறவைத்து குக்கரில் போட்டால் அரை மணி.

இன்னொரு வழி வொண்டர்பேக். 2008-இல் இந்த நாட்டில் உருவான, தலையணை மாதிரியான பை. கொதித்த பாத்திரத்தை மூடியோடு அதில் வைத்து இறுக்கிக் கட்டினால் மீதி வேக்காடு தானே நடக்கும். பருப்பு, பிரியாணி, இறைச்சி எல்லாம் வரும்; மதியமே கொதிக்க வைத்து மாலை எடுத்துவிடலாம். பை இல்லாதவர்கள் அட்டைப்பெட்டிக்குள் பழைய கம்பளியைச் சுற்றி வைத்தாலும் முக்கால்வாசிப் பலன் கிடைக்கும்.

கேஸ் சிலிண்டர் 9, 19, 48 கிலோ அளவுகளில் வரும். பைப் இழுத்து நிரந்தரமாகப் பொருத்துவதென்றால் பதிவுபெற்றவர் செய்து சான்றிதழ் தர வேண்டும். ஃப்ளாட்டில் எந்த அளவு அனுமதி என்று பாடி கார்ப்பரேட்டிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வீட்டோடு நீச்சல் குளம் வந்தால் சந்தோஷப்படும் முன் பம்ப்பைப் பாருங்கள். முக்கால் கிலோவாட் பம்ப் எட்டு மணி நேரம் ஓடினால் 6 யூனிட். குளிர்காலத்தில் பாதி நேரம் போதும், அதுவும் பகலில்.

சோலார்: கையெழுத்துக்கு முன்

கீசரைச் சரி செய்யாமல் சோலாருக்குப் போகாதீர்கள். 7 யூனிட் வெந்நீரைப் பக்கெட்டால் குறைப்பது இலவசம். அதையே பேனலும் பேட்டரியும் வைத்து ஈடுகட்டப் பல ஆயிரம் ரேண்ட் ஆகும்.

வாடகை வீடு, ஃப்ளாட் என்றால் கூரை உங்களுடையதல்ல. உரிமையாளர், பாடி கார்ப்பரேட் எழுத்தில் சம்மதித்தால்தான். சொந்த வீடு என்றால் வரிசை இது: விற்பவரிடம் முன்பணம் கொடுக்கும் முன்பே முனிசிபாலிட்டி மின்சாரப் பிரிவில் எஸ்.எஸ்.இ.ஜி. என்ற, வீட்டுச் சோலாரை இணைக்க அனுமதி கேட்கும் விண்ணப்பத்தை வாங்குங்கள். அதில் இன்வெர்ட்டரின் மாடல் கேட்பார்கள். கிரிட் எனும் ஊர் மின்கம்பியோடு இணையும் இன்வெர்ட்டர் தேசியத் தரத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். கேப் டவுன் நகராட்சி வெளியிடும் அங்கீகரித்த இன்வெர்ட்டர் பட்டியலையே மற்ற ஊர்களும் பார்ப்பதுண்டு. அனுமதி வந்தபின் வேலை. முடிந்ததும் எலக்ட்ரீஷியனின் சி.ஓ.சி. என்ற சான்றிதழ், ஊர் கேட்டால் பதிவுபெற்ற பொறியாளரின் கையெழுத்து, பிறகு இருவழி மீட்டர்.

பதிவு செய்யாமலே நூறு வீடு போட்டிருக்கிறதே என்பார்கள். முனிசிபாலிட்டி இந்தப் பக்கம் கம்பியை அணைத்துவிட்டு லைன்மேன் ஏறும்போது உங்கள் கூரையிலிருந்து கரண்ட் திரும்பிப் பாய்ந்தால் ஆள் போய்விடுவார்; பதிவு அதற்காகத்தான். வீடு எரிந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் சி.ஓ.சி.யைத்தான்.

பேனல் வடக்கு நோக்கி இருக்க வேண்டும், ஏறத்தாழ 30 டிகிரி சாய்வு. கரும்புப் பகுதியில் இன்னொன்றும் உண்டு. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை வெட்டுக்கு முன் தோட்டத்தைக் கொளுத்துவார்கள். கரிய சாம்பல் பறந்து வந்து துணிக்கொடியிலும் பேனலிலும் படியும். இங்குள்ளவர்கள் கறுப்புப் பனி என்று கேலியாகச் சொல்வார்கள். கழுவ வசதியான இடமாகப் பார்த்து மாட்டச் சொல்லுங்கள். கடலோரம் என்றால் உப்புக்காற்றைத் தாங்கும் ஃபிரேமும் ஸ்க்ரூவும் கேளுங்கள்.

மிச்ச மின்சாரத்தை விற்றே கடனை அடைத்துவிடலாம் என்று விற்பனையாளர் சொன்னால், உங்கள் முனிசிபாலிட்டி வாங்குகிறதா, என்ன விலைக்கு என்று கட்டணப் பட்டியலில் நீங்களே பாருங்கள். எல்லா ஊரும் வாங்குவதில்லை. பேனல் விலையில் 25 சதவீதம், அதிகபட்சம் 15,000 ரேண்ட் வருமான வரிக் கழிவு என்பதும் 2024 பிப்ரவரி 29-உடன் முடிந்தது. இன்னும் அதைச் சொல்லி விற்கிறவர் இருந்தால் கதவைச் சாத்துங்கள். பேட்டரி போடுபவர்கள் அதை மாலை 5 முதல் 8 வரை காலியாகும்படி செட் செய்யுங்கள்.

வீடுகள் சோலாருக்குப் போகப்போக ஊரின் விற்பனை குறைகிறது. கம்பி, டிரான்ஸ்ஃபார்மர் பராமரிப்புச் செலவு குறைவதில்லை. ஆகவே யூனிட் விலையோடு மாத நிலைக் கட்டணமும் ஏறும். ஜோஹன்னஸ்பர்க் 2024 ஜூலையில் ப்ரீபெய்டு வீடுகளுக்கும் மாதம் 200 ரேண்ட், வரி தனி, என்று போட்டது. உங்கள் ஊரிலும் வரும் என்று வைத்துக்கொண்டே சோலார் லாபக் கணக்கைப் போடுங்கள்.

ஊர் தன் பங்குக்கு என்ன செய்கிறது

மத்திய அரசு 2009 முதல் தேர்ந்தெடுத்த முனிசிபாலிட்டிகளுக்கு மின்சிக்கன மானியம் தருகிறது. தெருவிளக்கு, சிக்னல், அலுவலகக் கட்டடம், பம்ப் இவற்றை மாற்ற மட்டும். உங்கள் தெருவில் மஞ்சள் விளக்கு போய் வெள்ளை எல்.இ.டி. வந்திருந்தால் அனேகமாக அந்தப் பணம். டர்பன் போன்ற பெரிய ஊர் மரியன்ஹில், பிசாசர் ரோடு குப்பைமேடுகளில் எழும் வாயுவை எடுத்தே மின்சாரம் செய்தது. சின்ன ஊரால் அவ்வளவு முடியாது.

நீங்கள் இதில் செய்யக்கூடியது சில்லறை வேலைதான், ஆனால் பலிக்கும். பகலில் எரியும் தெருவிளக்கைப் பார்த்தால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்து மின்சாரப் பிரிவுக்குச் சொல்லி, ரெஃபரன்ஸ் எண் வாங்குங்கள். எண் வாங்காத புகார் புகாரே அல்ல. கவுன்டரில் வயதில் மூத்தவர் இருந்தால் ‘சவுபோனா பாபா’, பெண்மணி என்றால் ‘சவுபோனா மா’ என்று ஜூலு மொழி வணக்கத்தோடு ஆரம்பியுங்கள். முகம் மலரும், வேலையும் நடக்கும்.

தண்ணீருக்கு ஜோஜோ என்ற பிளாஸ்டிக் டேங்க். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர்ச்சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, அங்குள்ளவர்கள் மாதக்கணக்கில் லாரித் தண்ணீரை நம்பி வாழ்ந்தார்கள். கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்த வீடுகளில் கழிப்பறைக்காவது தண்ணீர் இருந்தது.

பட்ஜெட்டில் பேசுவது

விசாவில் இருப்பவருக்கு ஓட்டு இல்லை. ஆனால் வாய் உண்டு. 2000-ஆம் ஆண்டு முனிசிபல் சிஸ்டம்ஸ் சட்டம் ‘உள்ளூர்ச் சமூகம்’ என்பதில் குடியிருப்பவர், வரி கட்டுபவர், ஊரமைப்புகள் எல்லாரையும் சேர்க்கிறது. எழுத்திலோ வாய்மொழியாகவோ யோசனையும் புகாரும் தரும் உரிமை இவர்களுக்கு உண்டு. குடியுரிமை கேட்கவில்லை.

முனிசிபாலிட்டியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கும். அதற்கு 90 நாள் முன், அதாவது மார்ச் கடைசிக்குள், வரைவு பட்ஜெட்டும் கட்டணப் பட்டியலும் கவுன்சிலில் வைக்கப்பட வேண்டும். ஐ.டி.பி. என்ற ஐந்தாண்டுத் திட்டத்தையும் வருடா வருடம் திருத்துவார்கள். ஏப்ரலில் மக்கள் கருத்துக் கேட்பார்கள், நூலகத்தில் பிரதி கிடைக்கும். ஜூலையில் விலை ஏறியபின் கத்துவதால் ஒன்றும் ஆகாது, ஏப்ரல்தான் நேரம்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ‘மின்சாரத்தைச் சேமியுங்கள்’ என்று அவர்களுக்கு உபதேசம் எழுதுவதைவிடக் கேள்வியாகக் கேளுங்கள். போன வருடம் எஸ்காமிடம் வாங்கிய யூனிட்டில் எத்தனை சதவீதம் விற்பனைக் கணக்கில் வரவில்லை? தேசிய நிதித்துறை 7 முதல் 10 சதவீதம் வரை ஏற்கிறது. அதைத் தாண்டினால் திருட்டு இணைப்பு, பழைய கம்பி, படிக்காத மீட்டர் இவற்றில் எது காரணம்? ரிப்பிள் ரிலே எத்தனை வேலை செய்கிறது? நேரத்துக்கேற்ற கட்டணத்தை வீடுகள் விரும்பினால் தேர்ந்தெடுக்க வழி உண்டா? கடைசிக் கேள்வி முக்கியம்; அது வந்தால்தான் மதிய கீசருக்கு உங்கள் பில்லிலும் பலன் தெரியும். முதல் கேள்வியும் சும்மா அல்ல. முனிசிபாலிட்டிகள் எஸ்காமுக்குத் தர வேண்டிய பாக்கி 2025-இல் 9,000 கோடி ரேண்டைத் தாண்டிவிட்டது. வாங்கியதற்குக் காசு வசூலாகாத ஊரில் எல்.இ.டி. விளக்குக்குப் பணம் எங்கிருந்து வரும்?

தனியாக எழுதுவதைவிடக் கோயில் கமிட்டி லெட்டர்ஹெட்டில் போனால் கவனிப்பு அதிகம். வார்டு கமிட்டியில் கவுன்சிலரைத் தவிர பத்துப் பேர் வரை இருக்கலாம். ஊரமைப்புகளிலிருந்தும் ஆள் சேர்ப்பார்கள். 1860-இல் கரும்புக்கு வந்தவர்களின் வழியினர் நடத்தும் கோயில்கள் இவை. கவுன்சிலரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆன்ட்டி ஒருவராவது கமிட்டியில் இருப்பார். அவரிடம் போய், ஆடிக் கூழ் ஊற்றும் நோட்டீஸ் தயாராவதற்கு நான்கு மாதம் முன்பே, ஏப்ரல் கூட்டத் தேதியைக் கோயில் பலகையில் போடச் சொல்லுங்கள். கோயில் மண்டபத்து விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றும் செலவை யார் ஏற்பது என்ற பேச்சும் அப்போதே கிளம்பும். அதற்கும் தயாராகப் போங்கள்.